மின்பொறியியல் மாணவர்களை ஆய்வுக்குள் கொண்டுவர எந்த வழி நல்லது?

இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புக் கேட்டு வரும் மாணவர்களிடம், "உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். "எதைச் செய்யலாம் சேர்?" என்ற கேள்விதான் பெரும்பாலும் திரும்பி வரும். இவர்கள் உயர்தரத்தில் இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர்கள். ஒரு சுற்றைக் கொடுத்தால் தீர்த்துவிடுவார்கள். ஒரு கருவியைச் செய்துதரச் சொன்னால் இரவு பகலாக இருந்து செய்துவிடுவார்கள். விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து, அதை அளக்கக்கூடிய அளவுக்குச் சிறிதாக்கி, கிடைத்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதற்கு மட்டும் யாரும் இவர்களுக்கு வாய்ப்புக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். இளமாணி மட்டத்தில் மின்பொறியியல் படிப்பிக்கும் மற்ற இடங்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். நான்கு வருடம், எட்டு அரையாண்டு. அதில் தொடக்கம் எல்லாத் துறைக்கும் பொதுவான பாடங்களில் போய்விடும். மிச்சக் காலத்தில் ஆய்வை எப்போது, எந்த வழியில் அறிமுகம் செய்வது? விரிவுரையாளருக்கு நேரமும் குறைவு, கருவிக்குக் காசும் குறைவு. எல்லா வழியையும் ஒரேயடியாகப் பிடிக்க முடியாது; ஒன்றிரண்டைத் தெரிவு செய்தாக வேண்டும்.

என் தெரிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வருடத்து ஆய்வுகூடப் பாடம் ஒன்றுக்குள், விடை முன்கூட்டித் தெரியாத ஓர் அளவீட்டுக் கேள்வியை வைப்பது முதலாவது. மூன்றாம் வருடத்தில், வெளியான ஒரு கட்டுரையின் முடிவை மாணவர் தாமே மீளச் செய்து பார்ப்பது அடுத்தது. மற்ற வழிகளிலும் நன்மை உண்டு. ஆனால் அவை ஒன்றில் பிந்தி வருகின்றன, அல்லது சிலருக்கு மட்டுமே கிடைக்கின்றன.

இறுதியாண்டுச் செயற்றிட்டம் மட்டும் போதுமா?

இப்போது எங்கும் நடைமுறையில் இருப்பது இதுதான். இதன் பெரிய பலம், எல்லோருக்கும் கட்டாயம் என்பது. கிரெடிட் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, கேள்வி கேட்க ஒரு குழு உண்டு. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்கான வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல் முழு உறுப்பாகச் சேர்ந்தது. அந்த உடன்படிக்கை பொறியியல் பட்டதாரியிடம் எதிர்பார்க்கும் பண்புகளில் ஒன்று, சிக்கலான பிரச்சினையை ஆராயும் திறன்: பரிசோதனையை வடிவமைப்பது, தரவைப் பகுத்து விளங்குவது, ஏற்கத்தக்க முடிவுக்கு வருவது. இதைக் காட்டச் சொன்னால் பெரும்பாலான துறைகள் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைத்தான் காட்டும்.

ஆனால் அந்த வருடத்தில் என்ன நடக்கிறது என்று கிட்ட இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைப்பு முடிவாகவே வாரங்கள் போகும். ஓடர் பண்ணிய சென்சர் வந்து சேர இன்னும் சில வாரம். நடுவில் வேலைக்கான நேர்முகங்கள். கடைசியில் கருவி ஒருமுறை வேலை செய்ததும் வீடியோ எடுத்து, அறிக்கை எழுதி, வைவாவுக்குப் போய்விடுவார்கள். இரண்டாவது முறை அளந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

தானியங்கி நீர்ப்பாசனம் என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். ஈஎஸ்பி32 என்ற சிறிய மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் (நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினி) ஒன்று, மண் ஈரப்பத சென்சர் ஒன்று, பம்பைப் போட்டு நிறுத்தும் ரிலே, பம்ப். செயல் விளக்கத்தன்று நன்றாகவே ஓடும். அதே சென்சரைக் கோப்பாய்ச் செம்மண்ணிலும் மணற்காட்டு மணலிலும் ஒரே ஈரப்பதத்தில் வைத்தால் ஒரே எண்ணைக் காட்டுமா? கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பானால் வாசிப்பு எவ்வளவு விலகும்? யாழ்ப்பாணத்து வெங்காயத் தோட்டத்துக்கு உண்மையில் தேவைப்படும் விடை இதுதான். மண்ணும் உப்பும் மாறும்போது இந்த மலிவு சென்சர்களின் வாசிப்பும் மாறும். எவ்வளவு மாறும் என்று அளந்து ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தாலே அது ஆய்வு. கருவி செய்வதிலேயே வருடம் முடிந்துவிடுவதால் அந்தக் கேள்வி தொடப்படாமல் கிடக்கிறது.

அதனால் இறுதியாண்டுச் செயற்றிட்டத்தைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். அதற்குள் நுழையும்போதே மாணவர் ஒரு தடவையாவது அளந்து, சந்தேகப்பட்டு, திரும்ப அளந்திருக்க வேண்டும் என்கிறேன்.

ஆய்வு முறையியல் விரிவுரை

செலவு மிகக் குறைந்த வழி. ஒரு விரிவுரையாளர், ஒரு மண்டபம், முழு பட்ச்சும் இருக்கலாம். இலக்கிய மீளாய்வு, கருதுகோள், மேற்கோள் காட்டும் முறை, திருட்டுத்தனமாக எழுதாமல் இருப்பது என எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். கையில் ஒரு கேள்வி இல்லாத நேரத்தில் இவற்றைக் கேட்கும் மாணவர் பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவார். வேறு ஒரு வேலையோடு சேர்த்து, தேவைப்படும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் நடத்தினால் பயன் உண்டு. தனிப் பாடமாக நான் தெரிவு செய்ய மாட்டேன்.

விரிவுரையாளரின் கீழ் உதவியாளராகச் சேர்வது

ஆழம் என்று பார்த்தால் இதற்கு நிகரில்லை. எம்.ஐ.டி.யில் இளமாணி மாணவர்களை ஆசிரியர்களின் ஆய்வில் சேர்க்கும் திட்டம் 1969இல் தொடங்கி இன்றுவரை நடக்கிறது. பழகியவர் ஒருவருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கும்போது, புத்தகத்தில் எழுதாத நூறு விஷயம் கைக்கு வரும்: எந்த வாசிப்பைச் சந்தேகிப்பது, எப்போது வேலையை நிறுத்தி யோசிப்பது, தோற்ற பரிசோதனையை எப்படிக் குறித்து வைப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்த பேராசிரியர் அ. துரைராஜா குடிசார் பொறியியலைச் சேர்ந்தவர். அவர் கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து களிமண்ணின் நடத்தை பற்றி 1963இல் வெளியிட்ட கட்டுரை மண் பொறிமுறையில் இன்றும் எடுத்தாளப்படுகிறது. கேள்வியோடு இயங்கும் ஒரு குழுவுக்குள் போய்ச் சேர்வதன் பலனுக்கு நம்மவரிலேயே நல்ல உதாரணம் அது.

சரி, அப்படியானால் இதையே எல்லோருக்கும் செய்யலாமே? முடியாது. ஒரு விரிவுரையாளர் ஒழுங்காகக் கவனிக்கக்கூடியது இரண்டு மூன்று பேரை. விரிவுரையாளர்களிலும் சிலர் கலாநிதிப் பட்டத்துக்காக வெளிநாட்டில் விடுப்பில் இருப்பார்கள். அதைவிட எனக்குப் பெரிய கவலை, உள்ளே வருவது யார் என்பது. அறைக் கதவைத் தட்டி "சேர், நானும் சேரலாமா?" என்று கேட்கத் துணிந்தவருக்குத்தான் இந்த வாய்ப்புக் கிடைக்கும். ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படுபவர், கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போக வேண்டியவர், தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸுக்கு வந்தவர் ஆகியோர் கேட்கவே மாட்டார்கள். திறமை அவர்களிடம் குறைவு என்று எந்த ஆதாரமும் இல்லை. சேர்ந்தவர்களுக்கும் ஓர் ஆபத்து உண்டு. கேள்வி என்னவென்றே தெரியாமல், மாதக்கணக்கில் தரவை எக்செலில் ஏற்றிக்கொண்டிருந்தால் அது கூலி வேலை. ஏன் அளக்கிறோம் என்று ஒரு பக்கத்தில் மாணவரே எழுதித் தந்த பிறகுதான் வேலை தொடங்க வேண்டும்.

இந்த வழியில் நமக்கு ஒத்துவரும் ஒரு வடிவம் இருக்கிறது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஜோர்ஜியா ரெக்கில் வளர்ந்த முறை அது: இரண்டாம், மூன்றாம், நான்காம் வருட மாணவர்கள் ஒரே நீண்டகாலத் திட்டத்தில் கிரெடிட்டோடு சேர்ந்து வேலை செய்வார்கள். மூத்தவர்கள் வெளியேறும்போது இளையவர்கள் தொடர்வார்கள். விரிவுரையாளருக்குச் சுமை குறையும், ஏனென்றால் கற்பித்தலில் ஒரு பகுதியைச் சீனியர்களே செய்துவிடுவார்கள். பாடத்திட்டக் குழு சம்மதித்தால் இதை நான் இரண்டு கையாலும் வரவேற்பேன்.

விடுமுறைக் காலத்தில் வேறு பல்கலைக்கழகத்துக்கோ வெளிநாட்டுக்கோ ஆய்வுப் பயிற்சிக்குப் போவதும் இதன் இன்னொரு முகம். கிடைப்பவர் போகட்டும், கண் திறக்கும். விசா, விமானச் செலவு, போட்டி எல்லாம் தாண்டிப் போவது ஓரிருவர் என்பதால், ஒரு துறையின் திட்டமாக அதை நம்பியிருக்க முடியாது. கட்டாயத் தொழிற்பயிற்சி வேறு விஷயம். அங்கே கற்பது தொழில். ஆனாலும் ஓர் உபமின்நிலையத்திலோ ஒரு தொழிற்சாலையிலோ இருக்கும் காலத்தில், "இங்கே யாருக்கும் காரணம் தெரியாமல் நடப்பது என்ன?" என்று ஒரு குறிப்பு எடுத்து வரச் சொன்னால், இறுதியாண்டுக்கு நல்ல தலைப்புகள் தானாக வந்து சேரும்.

ஆய்வுகூடப் பாடத்துக்குள் ஒரு திறந்த கேள்வி

நான் முதலிடம் கொடுக்கும் வழி இது. வழக்கமான ஆய்வுகூட வகுப்பில் என்ன நடக்கிறது? செய்முறைத் தாள் இருக்கும். விடை எல்லோருக்கும் தெரியும். சீனியர் தந்த அறிக்கையைப் பக்கத்தில் வைத்து எழுதினாலும் புள்ளி வரும். வாசிப்பு விலகினால், வாசிப்பைத் திருத்தி எழுதும் பழக்கம்கூட வந்துவிடும். உயர்தரத்தில் வேணியர் இடுக்கிமானிக்கும் மீற்றர் பாலத்துக்கும் பின்ன வழு கணித்துப் பழகிய பிள்ளைகள், பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு வழுவை மறந்துவிடுவது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. அந்த அத்திவாரம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மேல் கட்டத்தான் ஆள் இல்லை.

ஓர் அரையாண்டின் கடைசி நான்கு ஆய்வுகூட வகுப்புகளை எடுத்துக்கொண்டு, மூன்று பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கேள்வி கொடுக்கலாம். நான் முதலில் கொடுக்கும் கேள்வி, மின்வலையமைப்பின் அதிர்வெண். இலங்கையில் பெயரளவு அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ். அனுமதிக்கப்பட்ட விலகல் ஒரு சதவீதம், அதாவது 49.5 முதல் 50.5 வரை. தேசிய மின்வலையமைப்பு முழுவதும் ஒத்தியங்குவதால், கிளிநொச்சியில் ஒரு பிளக்கில் அளக்கும் அதிர்வெண்தான் கொழும்பிலும். பாவனை உற்பத்தியை மிஞ்சினால் அதிர்வெண் இறங்கும், குறைந்தால் ஏறும்; ஆகவே நாடு முழுவதன் மின் உற்பத்தியும் பாவனையும் எவ்வளவு சமநிலையில் இருக்கின்றன என்பதை ஒரு மாணவர் தன் விடுதி அறையிலிருந்தே பார்க்கலாம். பெரிய கருவி எதுவும் தேவையில்லாமல் இவ்வளவு பெரிய அமைப்பொன்றை அளக்கும் வாய்ப்பு வேறு எதிலும் எனக்குத் தெரிந்து இல்லை.

செய்வது சுலபம். 230 வோல்ட்டை நேரடியாகத் தொடவே கூடாது; 9 வோல்ட் ஏசி தரும் சிறிய ட்ரான்ஸ்போமர் அடப்டர் ஒன்றைப் போட வேண்டும். அலை பூச்சியத்தைக் கடக்கும் கணத்தை ஒரு மைக்ரோகொன்ட்ரோலர் பிடித்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணும். 50 ஹேர்ட்ஸில் ஒரு சுற்று 20 மில்லிசெக்கன். 0.01 ஹேர்ட்ஸ் மாறினால் அந்த நேரம் 4 மைக்ரோசெக்கன் மட்டுமே மாறும். இங்கேதான் பாடம் தொடங்குகிறது. ஆர்டுயினோ ஊனோ போர்டின் பிரதான சிப்புக்கு நேரம் சொல்வது ஒரு செராமிக் ரெசொனேற்றர். அதன் வழு அரைச் சதவீதம் வரை போகலாம். 50 ஹேர்ட்ஸில் அது 0.25 ஹேர்ட்ஸ். குவார்ட்ஸ் பளிங்கு உள்ள போர்ட் என்றால், பத்து இலட்சத்தில் 50 பங்கு வழு என்று வைத்தாலும் 0.0025 ஹேர்ட்ஸ்தான். ஆகவே ஒரு குழு "இன்றைக்கு நாட்டின் அதிர்வெண் 50.2" என்று எழுதும், பக்கத்துக் குழு அதே பிளக்கில் 49.98 என்று எழுதும்.

யார் சொல்வது சரி? இந்தக் கேள்விக்கு விரிவுரையாளர் விடை சொல்லக் கூடாது. மாணவர்கள் இரண்டு போர்டையும் ஒரே அலைக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள். விலகல் மாறாமல் இருப்பதைக் காண்பார்கள். யாராவது ஒருவர் தரவுத்தாளைத் திறப்பார். இன்னொருவர் ஜிபிஎஸ் மொடியூல் வினாடிக்கு ஒன்று தரும் துடிப்போடு ஒப்பிடலாம் என்பார். ஒரு மாதத்துக்கு முன் "எதைச் செய்யலாம் சேர்?" என்று கேட்ட அதே பிள்ளைகள், தங்கள் கருவியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி விசாரிப்பார்கள். ஆய்வின் முக்கால் பங்கு அதுதான்.

கருவி நம்பகமானதும் அடுத்த கேள்வி தானாக எழும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறோடு நாடு முழுக்க மின்சாரம் நின்றது. விடுமுறை நாளில் மின்பாவனை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம், அதிர்வெண் சட்டென்று விழாமல் தாங்கும், சுழன்றுகொண்டிருக்கும் கனத்த இயந்திரங்கள் குறைவு. அப்படியான வேளையில் ஒரு தடங்கல் வந்தால் அதிர்வெண் வேகமாக விழும். அப்படியானால் ஞாயிறு மதியத்தில் அதிர்வெண்ணின் ஊசலாட்டம் புதன்கிழமை மதியத்தைவிட அதிகமா? எத்தனை ஞாயிறு அளந்தால் "ஆம்" என்று சொல்லலாம்? இரண்டாம் வருட மாணவருக்கு இந்தக் கேள்வி விளங்கும், தரவும் கைக்குள் இருக்கும். விடையோ எந்த சீனியரின் அறிக்கையிலும் இருக்காது.

மின்சாரத்தை விட்டு மண்ணுக்குப் போக விரும்பும் குழுவுக்கு எர்த் தடை, அதாவது நிலத்தில் அடித்த எர்த் கம்பியிலிருந்து மண்ணுக்குள் மின் ஓட இருக்கும் தடை. 16 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியை 1.5 மீற்றர் ஆழத்துக்கு அடித்தால், தடைத்திறன் 100 ஓம்-மீற்றர் உள்ள சீரான மண்ணில் கணக்குப்படி தடை சுமார் 60 ஓம் வரும். 3 மீற்றர் அடித்தால் சுமார் 33 ஓம். சூத்திரம் "சீரான மண்" என்று எடுத்துக்கொள்கிறது. குடாநாட்டில் பல இடங்களில் செம்மண்ணைக் கொஞ்சம் தோண்டினால் சுண்ணாம்புக்கல் வந்துவிடும். அங்கே அந்த 33 ஓம் கிடைக்குமா? நான்கு கம்பிகளைச் சம இடைவெளியில் நட்டுத் தடைத்திறனை அளக்கும் வெனர் முறை 1915இலிருந்து இருக்கிறது. இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆழமான படையைப் பற்றிய செய்தி வரும். புரட்டாதிக் கடைசியில் காய்ந்த மண்ணில் ஒரு தடவை, மார்கழி மழைக்குப் பிறகு அதே இடத்தில் இன்னொரு தடவை அளக்கலாம். சுன்னாகத்துப் பிள்ளையும் வடமராட்சி கிழக்குப் பிள்ளையும் தங்கள் வீட்டு வளவில் அளந்து வந்து இரண்டையும் பக்கத்தில் வைத்தால், புத்தகத்துச் சூத்திரம் எங்கே நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்று தெரியும். ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: நம் மண்ணில் கண்ணிவெடி அகற்ற வேண்டியிருந்த இடங்கள் உண்டு. பீட வளவிலும் காலகாலமாகப் புழங்கிவரும் வீட்டு வளவிலும் தவிர வேறெங்கும் கம்பி அடிக்க அனுமதி கொடுக்க வேண்டாம். நிலத்துக்கடியில் கேபிளோ தண்ணீர்க் குழாயோ போகிறதா என்றும் முதலில் விசாரிக்க வேண்டும்.

இந்த வழியின் விலையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்கு வகுப்புகளை எடுத்தால் வழக்கமான பரிசோதனைகள் மூன்று நான்கு போய்விடும். உயர்தரத்தில் ஏற்கெனவே செய்தவற்றின் மறுபதிப்பாக இருப்பவற்றை நான் தயங்காமல் எடுத்துவிடுவேன். அடுத்தது விரிவுரையாளரின் நேரம். ஒரு பட்ச்சில் 60 பேர் என்று வைத்தால் 20 குழு. ஒரு குழுவோடு இருபது நிமிடம் இருந்து பேசினால் கிட்டத்தட்ட ஏழு மணித்தியாலம் போகும். போதனாசிரியர்கள் இருவர் பகிர்ந்தால் தாங்கலாம். ஒருவர் தனியே என்றால், ஒவ்வொரு வகுப்பிலும் பாதிக் குழுக்களோடு மட்டும் பேசி, மற்றவர்களின் கொப்பியை வாசித்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கலாம். புள்ளி போடும் முறையும் மாற வேண்டும். விடைக்குப் புள்ளி போட்டால் எல்லாம் பழையபடிதான். கொப்பியில் திகதியோடு குறித்த மூல வாசிப்புகளுக்கு, திரும்ப அளந்ததற்கு, வழுவை நியாயமாகச் சொன்னதற்கு, "இதிலிருந்து இந்த முடிவுக்கு வர முடியாது" என்று எழுதத் துணிந்ததற்குப் புள்ளி போட வேண்டும்.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. பீடத்தில் தமிழ், சிங்கள, முஸ்லிம் மாணவர்கள் கலந்து படிக்கிறார்கள். அறிக்கை ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும். ஆனால் முதல் உரையாடல், கேள்வியைப் பிரித்துப் பார்க்கும் அந்தக் கட்டம், மாணவருக்கு வசதியான மொழியில் நடக்கட்டும். கூச்சமில்லாமல் "எனக்கு இது விளங்கவில்லை" என்று சொல்ல முடிந்தால்தான் கேள்வி பிறக்கும்.

வெளியான கட்டுரையை மீளச் செய்து பார்ப்பது

மூன்றாம் வருடத்துக்கு இது. ஒரு மடிக்கணினி போதும், ஓப்பன்டிஎஸ்எஸ், பைதன், ஒக்டேவ், எல்ரிஸ்பைஸ் ஆகிய கணிப்பு மென்பொருள்கள் எல்லாம் காசில்லாமல் கிடைக்கின்றன. மின்பொறியியலாளர்களின் சர்வதேச அமைப்பான ஐ.ஈ.ஈ.ஈ. வெளியிட்ட சோதனை மின்வலைகளின் தரவும் இலவசம். கட்டணம் கட்டி வாசிக்க வேண்டிய கட்டுரைகளை விட்டு, ஆர்க்சைவ் போன்ற திறந்த இடங்களிலிருந்தே தெரிவு செய்யலாம்.

கூரைச் சூரிய மின்சாரத்தால் தாழ் அழுத்த வழியில் வோல்ட்டேஜ் ஏறுவது பற்றிய ஒரு கட்டுரையை எடுத்தால் போதும். முதலில் கையால் ஒரு கணக்கு. ட்ரான்ஸ்போமரிலிருந்து 300 மீற்றரில் ஒரு வீடு, ஒற்றைக் கட்டத்தில் 5 கிலோவாட்டை வெளியே அனுப்புகிறது. ஓட்டம் சுமார் 22 அம்பியர். வழியின் தடை கிலோமீற்றருக்கு 0.44 ஓம் என்றால், போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்து ஏறும் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட 6. நம் நாட்டில் அனுமதி 230இலிருந்து ஆறு சதவீதம், அதாவது சுமார் 14 வோல்ட். அதே கட்டத்தில் அதே தூரத்தில் மூன்று வீடுகள் வந்தால் எல்லை தாண்டிவிடும், சூரிய மின்சாரத்தை ஏசியாக்கி வலைக்கு அனுப்பும் இன்வேட்டர்கள் தாமாக நிற்கத் தொடங்கும். இதை விளங்கிக்கொண்ட பிறகு கட்டுரையின் வரைபடத்தை மென்பொருளில் திரும்ப வரைய முயன்றால், அவர்கள் எழுதாமல் விட்டவை ஒவ்வொன்றாகத் தெரியவரும்: சுமை எந்த நேரத்துக்குரியது, நடுநிலைக் கம்பியின் தடை என்ன, ட்ரான்ஸ்போமர் தொடக்கத்தில் எத்தனை வோல்ட்டில் இருந்தது. அச்சில் வந்ததெல்லாம் முழுமையானது என்ற எண்ணம் அத்தோடு போய்விடும். தன் அறிக்கையில் எதை எழுத வேண்டும் என்பதும் அப்போதுதான் உறைக்கும்.

ஏன் இதை முதலாவதாக வைக்கவில்லை? கணினிக்குள் இருக்கும் மின்வலை ஒருநாளும் நம்மை ஏமாற்றாது. கொடுத்ததைத்தான் திருப்பித் தரும். அளவீட்டில் ஒரு தடவை அடிபட்ட பிறகு வருபவர்தான் மென்பொருளின் எண்ணையும் சந்தேகத்தோடு பார்ப்பார். சோதனை வலையோடு நிற்காமல், கோண்டாவிலிலோ சாவகச்சேரியிலோ ஒரு வீட்டில் ஒரு வாரம் வோல்ட்டேஜைப் பதிவு செய்து ஒப்பிடவும் சொல்ல வேண்டும். வீட்டாரின் எழுத்து மூல சம்மதம் கட்டாயம். மின்பாவனைத் தரவைப் பார்த்தால் வீட்டில் எப்போது ஆள் இல்லை என்பதுகூடத் தெரிந்துவிடும் என்பதை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும்.

அப்போ, யாருக்கு எது?

துறையின் ஆதரவு இருந்தால்: இரண்டாம் வருடத்தில் திறந்த அளவீட்டுக் கேள்வி எல்லோருக்கும், மூன்றாம் வருடத்தில் மீளச் செய்தல் எல்லோருக்கும், விரும்பிக் கேட்பவர்களுக்கு அதன்பின் விரிவுரையாளரின் கீழ் இடம். இந்த ஒழுங்கில் போனால், இடம் கேட்டு வருபவர்களை வெறும் துணிச்சலை வைத்துத் தெரிவு செய்யாமல், அவர்களின் இரண்டாம் வருடக் கொப்பியை வைத்துத் தெரிவு செய்யலாம். அமைதியான பிள்ளைகளை விரிவுரையாளரே போய் அழைக்கவும் முடியும்.

பாடத்திட்டக் குழுவில் இன்னும் பேச்சு முடியவில்லை, ஒரு விரிவுரையாளர் மட்டும் ஆர்வமாக இருக்கிறார் என்றால், தன் பாடத்தின் கடைசி மூன்று வகுப்புகளோடு தொடங்கலாம். அனுமதி கேட்பதற்கு வொஷிங்டன் உடன்படிக்கையின் அந்த ஆராயும் திறனே நல்ல வாதம்; அதற்கு இறுதியாண்டைத் தவிர வேறு சான்று கொடுக்க எந்தத் துறைக்கும் விருப்பம் இருக்கும்.

யாரும் வழிகாட்ட இல்லை, மாணவர் தனியே என்றால், இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அதிர்வெண் பதிவுக் கருவியைச் செய்யுங்கள். ஏசி அடப்டரும் போர்டும் சில மின்தடைகளும் போதும். வாரம் ஒரு கட்டுரை, மூவரும் வாசித்து, ஒருவர் மற்ற இருவருக்கும் விளக்குவது. முதல் வாசிப்பில் சுருக்கமும் படங்களும் முடிவும் மட்டும், இரண்டாவதில் வாதம், மூன்றாவதில் கணக்கு என்று பிரித்து வாசித்தால் களைப்பு வராது. வெளிநாட்டில் மேற்படிப்பு நோக்கம் உள்ளவர்கள் மூன்றாம் வருடத் தொடக்கத்திலேயே ஒரு விரிவுரையாளரிடம் போய்ப் பேசுவது நல்லது. பரிந்துரைக் கடிதத்தில் "இவர் நல்ல மாணவர்" என்பதைவிட "இவர் என் அளவீட்டில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தார்" என்பது கனமானது.

எந்த வழியைத் தெரிவு செய்தாலும், உடனே கட்டுரை வெளியிட வேண்டும் என்ற அவசரத்தை மட்டும் இளமாணி மாணவரின் தலையில் ஏற்ற வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் சஞ்சிகைகள் இவர்களைத்தான் தேடி மின்னஞ்சல் அனுப்புகின்றன. நல்ல முடிவு வந்தால் பல்கலைக்கழக மாணவர் ஆய்வரங்கில் முதலில் பேசட்டும். பெயர் வரிசையை வேலை தொடங்கும் நாளிலேயே பேசி முடிவு செய்துவிட்டால் பின்னால் மனஸ்தாபம் வராது.

அப்புறம் தரவு. ஒவ்வொரு குழுவின் மூலத் தரவும் இடம், திகதி, கருவியின் இலக்கம், அலகு எல்லாம் எழுதிய ஒரு பக்கக் குறிப்போடு துறையின் கணினியில் இருக்க வேண்டும். அடுத்த பட்ச் அதைத் திறந்து, அதே வளவில் அதே கம்பியை அளந்து, போன மார்கழி வாசிப்போடு ஒப்பிட்டுத் தொடங்கட்டும். ஐந்து பட்ச் இப்படிச் செய்தால், குடாநாட்டு மண்ணின் தடைத்திறன் பருவத்தோடு எப்படி மாறுகிறது என்பதற்கு ஐந்து வருடத் தரவு நம் கையில் இருக்கும். எர்த் வடிவமைக்கும் பொறியியலாளர்களும் மின்வயரிங் செய்பவர்களும் வந்து கேட்கக்கூடிய தரவு அது.